உள்ளே பார்க்கும் கண்ணும் கூலி கொடுக்கும் கையும்

நம் பாட்டன்மார் காலத்தில் வைத்தியர் வீட்டுக்கு வந்தால் முதலில் கையை நீட்டச் சொல்வார். மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்துக் கண்களை மூடிக் கொள்வார். உடம்புக்குள்ளே வாதம் ஏறியிருக்கிறதா, பித்தம் மிஞ்சியிருக்கிறதா என்பதை அந்த மூன்று விரல்களே அவருக்குச் சொல்லிவிடும். வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவில் மூன்றாவது மனிதர் கிடையாது. இன்றைய நிலைமை வேறு. படம் எடுக்கச் சீட்டு எழுதுகிறவர் ஒருவர். யந்திரத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர். படத்தை எடுப்பவர் ஒருவர். அதைப் படித்து அர்த்தம் சொல்லுகிறவர் ஒருவர். பணம் கொடுப்பவர் வேறொருவர். இவர்கள் எல்லோருக்கும் நடுவில் நோயாளி ஒருவரும் இருக்கிறார் என்பதைச் சில சமயம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இத்தனை கூட்டத்துக்கும் காரணமான அற்புத ஒளியைக் கண்டுபிடித்தவர் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் என்ற ஜெர்மானியப் பேராசிரியர். வூர்ஸ்பர்க் நகரத்துச் சர்வகலாசாலையில், 1895-ம் வருஷம் நவம்பர் மாதம் 8-ந் தேதி, அவர் எக்ஸ் கதிர்களைக் கண்டார். 1901-ல் பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. பரிசுப் பணத்தைத் தம் சர்வகலாசாலைக்கே கொடுத்துவிட்டார். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கவும் மறுத்தார். அது மனித குலம் முழுவதற்கும் உரியது என்பது அவருடைய எண்ணம். ஆனால் ஒளி இலவசமாகக் கிடைத்தாலும் யந்திரம் இலவசமாகக் கிடைப்பதில்லை. யந்திரம் கிடைத்தாலும் படத்தைப் படிக்கத் தெரிந்த கண் சும்மா கிடைப்பதில்லை. அந்தக் கண்ணுக்குக் கூலி யார் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி அன்றிலிருந்து இன்று வரை தீர்ந்தபாடில்லை.

இந்தக் கேள்வியின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டைப் பார்க்க வேண்டும். வைத்தியத்தைப் பெரும்பாலும் சந்தைக்கு விட்டுவிட்டு, அந்தச் சந்தை மிதமிஞ்சும் போதெல்லாம் சட்டம் போட்டு அணைகட்டிப் பார்த்த தேசம் அது. ஒவ்வொரு அணைக்கும் வெள்ளம் ஒரு புது வழி கண்டுபிடித்தது. அந்தக் கதை நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். இன்ஷியூரன்ஸ் என்னும் அதே பாதையில் நம் நாடும் இப்போது நடந்து கொண்டிருக்கிறது. முன்னே போனவன் எங்கே இடறினான் என்று தெரிந்து கொள்வது பின்னே போகிறவனுக்கு லாபந்தானே?

ஆஸ்பத்திரிக்காரரா, தனி வைத்தியரா?

கதிர்ப்பட வைத்தியர் ஒரு விசித்திரமான பிராணி. அவர் பெரும்பாலும் நோயாளியைத் தொடுவதில்லை. பல சமயம் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. இருண்ட அறையில் உட்கார்ந்து நிழல்களைப் பார்த்து, "இங்கே கட்டி இருக்கிறது, இங்கே எலும்பு விண்டிருக்கிறது" என்று எழுதிக் கொடுக்கிறார். அவரைத் தேடி நோயாளி தானாக வருவதில்லை. வேறொரு டாக்டர் அனுப்பித்தான் வரவேண்டும். ஆகவே அவருடைய பிழைப்பு மற்றவர்களுடைய சீட்டிலும், பணம் கொடுப்பவர் வகுக்கும் விதியிலும் தொங்கிக் கொண்டிருக்கிறது. வைத்தியத் துறைகளில் கொள்கைக் காற்று வீசும்போது முதலில் ஆடுகிற கிளை இதுதான்.

1965-ம் வருஷம் ஜனாதிபதி ஜான்ஸன் காலத்தில், அறுபத்தைந்து வயது நிரம்பியவர்களின் வைத்தியச் செலவை சர்க்கார் ஏற்கும் 'மெடிகேர்' திட்டம் சட்டமாயிற்று. அதில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு பெட்டி. டாக்டர்களின் கட்டணத்துக்கு மற்றொரு பெட்டி. உடனே ஒரு தகராறு கிளம்பியது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்யும் கதிர்ப்பட வைத்தியரை எந்தப் பெட்டியில் போடுவது? ஆஸ்பத்திரிப் பெட்டியில் சேர்க்க வேண்டும் என்று மேல்சபையில் பால் டக்ளஸ் திருத்தம் கொண்டுவந்தார். அப்படிச் செய்தால் நாங்கள் ஆஸ்பத்திரியின் சம்பளச் சிப்பந்திகள் ஆகிவிடுவோம் என்று வைத்தியர் சங்கம் எதிர்த்து நின்றது. கீழ்ச்சபையின் வரி விஷயக் கமிட்டித் தலைவரான வில்பர் மில்ஸ் வைத்தியர்கள் பக்கம் நின்றார். முடிவில் அவர் பக்கமே வென்றது.

விளைவு என்ன? ஒரே படத்துக்கு இரண்டு கட்டணம் என்ற ஏற்பாடு வேரூன்றியது. யந்திரம், அறை, சிப்பந்தி ஆகியவற்றுக்கு ஒரு தொகை. படத்தைப் படிக்கும் அறிவுக்கு இன்னொரு தொகை. நோயாளிக்கு ஒரே தினத்தில் நடந்த ஒரே காரியத்துக்கு இரண்டு திசைகளிலிருந்து பில் வருவதன் மூலகாரணம் இங்கேதான் இருக்கிறது. பின்னால் வந்த சட்டங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்து இழுத்தவைதான்.

படுக்கையில் செலவு, வாசலில் லாபம்

1971-ம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி லண்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் காட்ஃப்ரே ஹௌன்ஸ்ஃபீல்ட் செய்த யந்திரத்தில் முதல் நோயாளியின் மூளைக்கு சி.டி. படம் எடுக்கப்பட்டது. மண்டையைத் திறக்காமல் மூளையைத் துண்டு துண்டாகப் பார்க்கும் வித்தை பிறந்தது. உடனே ஒவ்வொரு அமெரிக்க ஆஸ்பத்திரியும், "எனக்கொரு யந்திரம்" என்று கிளம்பியது. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியிடம் இருப்பது நம்மிடம் இல்லாவிட்டால் கௌரவம் என்னாவது? 1974-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. பெரிய யந்திரம் வாங்குவதற்கு முன் ஊருக்கு அது தேவை என்று ராஜ்ய சர்க்காரிடம் அத்தாட்சி பெற வேண்டும் என்ற முறையை நாடெங்கும் பரப்பியது அந்தச் சட்டம். 1980-களில் சந்தையே சர்வ ரோக நிவாரணி என்ற எண்ணம் மேலோங்கியது. 1986-ல் சட்டம் ரத்தாயிற்று. ஆனாலும் பல ராஜ்யங்கள் அத்தாட்சி முறையைத் தங்கள் அளவில் வைத்துக் கொண்டன.

இதற்கிடையில் 1983-ல் வேறொரு மாறுதல் வந்தது. அதுவரையில் மெடிகேர், ஆஸ்பத்திரிக்கு ஆன செலவைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து வந்தது. இனிமேல் நோய்க்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை. அதற்குமேல் சல்லிக்காசு கிடையாது என்று விதி மாறியது. கல்யாணச் சமையலைக் காண்டிராக்டு விட்டால் என்ன நடக்கும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். பாயசத்தில் முந்திரிப் பருப்பின் எண்ணிக்கை குறைய ஆரம்பிக்கும். அதுபோலவே, படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு எடுக்கும் ஒவ்வொரு படமும் ஆஸ்பத்திரிக்கு வரவாக இருந்த காலம் போய்ச் செலவாக மாறிவிட்டது. ஆனால் படுக்கையில் சேராமல் வாசலோடு வந்து போகிறவருக்கு எடுக்கும் படத்துக்குத் தனிக் கட்டணம் தொடர்ந்து கிடைத்தது. கேட்க வேண்டுமா? யந்திரங்கள் ஆஸ்பத்திரியின் உட்புறத்திலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து கடைவீதிக்கும் நகர்ந்தன. தனிப் பட நிலையங்கள் ஊர்தோறும் முளைத்தன.

அனுப்புகிறவரே முதலாளியானால்

கடைவீதிக்கு வந்த யந்திரத்தைக் கதிர்ப்பட வைத்தியர்கள் மட்டுமா வாங்கினார்கள்? எலும்பு வைத்தியர், இருதய வைத்தியர், பொது வைத்தியர் எல்லோரும் வாங்கினார்கள். அல்லது நிலையங்களில் பங்கு சேர்ந்தார்கள். சீட்டு எழுதும் கையும் காசு வாங்கும் கையும் ஒன்றேயானால் சீட்டு எத்தனை எழுதப்படும்? 1990-ல் புரூஸ் ஹில்மன் என்ற கதிர்ப்பட வைத்தியரும் அவருடைய சகாக்களும் இதை அளந்து வெளியிட்டார்கள். சொந்த யந்திரம் வைத்திருந்த டாக்டர்கள், படத்துக்கு வெளியே அனுப்பிய டாக்டர்களைக் காட்டிலும் நாலு முதல் நாலரை மடங்கு அதிகமாகப் படம் எடுத்தார்கள் என்று அதில் கண்டது. ஒரே மாதிரி நோய். மடங்கு மட்டும் நாலு!

கலிபோர்னியாப் பிரதிநிதி பீட் ஸ்டார்க் கொண்டுவந்த சட்டம் 1989-ல் ரத்தப் பரிசோதனைச் சாலைகளைக் கட்டுப்படுத்தியது. 1993-ல் விஸ்தரிக்கப்பட்டு, 1995 முதல் கதிர்ப்படத்துக்கும் அமுலுக்கு வந்தது. தனக்குப் பங்கு உள்ள இடத்துக்கு மெடிகேர் நோயாளியை அனுப்பக் கூடாது என்பது விதி. ஆனால் அதில் ஒரு விலக்கும் வைத்தார்கள். டாக்டர் தம் சொந்த வைத்தியசாலைக்குள்ளேயே யந்திரம் வைத்துக் கொள்ளலாம்! நோயாளியின் சௌகரியத்துக்காக ஏற்பட்ட விலக்கு அது. அதன் வழியாகவே சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் டாக்டர்களின் சொந்த ஆபீசுகளுக்குள் நுழைந்தன. யானை புகுந்த வாசலைப் பார்த்தால், ஆடு போவதற்காகத் திறந்து வைத்த வாசலாக இருந்தது!

தாளுக்கு இவ்வளவு

பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய ஒரு விஷயம் இனி வருகிறது. பரீட்சை விடைத்தாள் திருத்துகிறவருக்குத் தாளுக்கு இவ்வளவு என்று கூலி. கூலி உயராமல் விலைவாசி உயர்ந்தால் அவர் என்ன செய்வார்? நாற்பது தாள் திருத்திய நேரத்தில் அறுபது திருத்தப் பார்ப்பார். பாதிக்கப்படுகிறவன் அறுபதாவது தாளை எழுதிய பையன்.

அமெரிக்காவில் 1992 முதல் டாக்டரின் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை புள்ளி என்று நிர்ணயித்து, புள்ளிக்கு இவ்வளவு டாலர் என்று மெடிகேர் கொடுக்க ஆரம்பித்தது. இந்தப் புள்ளிக் கணக்கு ஹார்வர்டு சர்வகலாசாலையில் வில்லியம் ஷியாவோ நடத்திய ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. கதிர்ப்படத் துறைக்கு மட்டும் இதே மாதிரி முறை 1989-லேயே வந்துவிட்டது. 1992-ல் ஒரு புள்ளியின் விலை 31 டாலர். 2025-ல் அது 32 டாலர் 35 சென்ட். முப்பத்து மூன்று வருஷங்களில் ஏறியது ஒன்றே கால் டாலருக்குச் சற்று அதிகம்! அந்த முப்பத்து மூன்று வருஷங்களில் ரொட்டி விலையும் வீட்டு வாடகையும் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். மார்புக்கு எடுத்த சாதாரண எக்ஸ்-ரே படத்தைப் படிப்பதற்கு மெடிகேர் கொடுப்பது பத்து டாலர் அளவுதான்.

மொத்தப் பானை பெரிதாகக் கூடாது என்ற விதியும் சேர்ந்திருக்கிறது. குடும்ப வைத்தியருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால், அதற்கு ஈடாக மற்றவர்களுக்குக் குறைய வேண்டும். 2021-ல் சாதாரண வைத்தியப் பார்வைக்குப் புள்ளிகள் உயர்ந்தபோது நோயாளியை நேரில் பார்க்காத கதிர்ப்பட வைத்தியர்களின் பங்கு சுருங்கியது. ஒரு சமயம் இரண்டு படங்களை ஒரே படமாகக் கணக்கிட்டும் குறைத்தார்கள். வயிற்றுக்கும் இடுப்புக்கும் சேர்த்து எடுக்கும் சி.டி.க்கு 2011 முதல் ஒரே கணக்கு, குறைந்த கூலி.

இந்தக் காலத்தில் ஒரு சி.டி. என்பது ஒரு படம் அல்ல. நூற்றுக்கணக்கான துண்டுப் படங்கள். அத்தனையையும் ஓட்டிப் பார்த்து, ஓர் அரிசி அளவுள்ள புள்ளி சாதாரணத் தழும்பா அல்லது புற்றின் முளையா என்று தீர்மானிக்க வேண்டும். கூலி தேய்கிறது, படம் பெருகுகிறது, நாளுக்கு மணி இருபத்து நாலுதான். அறுபதாவது தாளை எழுதிய பையனின் ஸ்தானத்தில் இங்கே ஒரு மனிதனின் உயிர் இருக்கிறது.

1400 கோடி டாலர்

2000-ம் வருஷத்தில் டாக்டர் கட்டணப் பட்டியலின் கீழ் படங்களுக்காக மெடிகேர் செலவழித்தது சுமார் 700 கோடி டாலர். 2006-ல் அது சுமார் 1400 கோடி. ஆறு வருஷத்தில் இரட்டிப்பு! நிதி மந்திரிகளின் தூக்கம் போயிற்று. 2006-ம் வருஷ ஆரம்பத்தில் கையெழுத்தான பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம் 2007 ஜனவரி முதல் அமுலுக்கு வந்தது. தனி நிலையத்தில் எடுக்கும் படத்துக்கு, ஆஸ்பத்திரி வாசலில் எடுக்கும் படத்துக்குக் கொடுப்பதைவிட அதிகமாக யந்திரக் கட்டணம் கொடுக்க முடியாது என்பது அதன் சாரம்.

மெடிகேரின் செலவு இறங்கியது உண்மை. ஆனால் சிறிய நிலையங்கள் தத்தளித்தன. பல நிலையங்கள் ஆஸ்பத்திரிகளோடும் பெரிய கம்பெனிகளோடும் சேர்ந்தன. தனியார் இன்ஷியூரன்ஸ் கம்பெனிகளிடம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேரம் பேசும் பலம் அதிகம். ஆகவே நேற்று வரை குறைந்த விலைக்கு எடுத்த அதே எம்.ஆர்.ஐ. படம், பெயர்ப்பலகை மாறியதும் அதிக விலைக்கு வந்தது. 2017-ல் ஆந்தம் என்ற பெரிய இன்ஷியூரன்ஸ் கம்பெனி பல ராஜ்யங்களில் ஓர் உத்தரவு போட்டது. அவசரமோ விசேஷ காரணமோ இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வாசலில் எடுக்கும் சி.டி., எம்.ஆர்.ஐ. படத்துக்குப் பணம் தரமாட்டோம். வெளி நிலையத்துக்குப் போ என்றது! சர்க்கார் இழுத்தது ஒரு பக்கம். கம்பெனி இழுத்தது மறுபக்கம். நடுவில் கையில் சீட்டுடன் நின்றவர் நோயாளி.

கட்டணம் என்னும் சாட்டையால் நல்ல காரியமும் நடந்ததுண்டு. பழைய ஃபிலிமில் எடுக்கும் எக்ஸ்-ரேக்கு 2017 முதல் யந்திரக் கட்டணத்தில் நூற்றுக்கு இருபது குறைத்தார்கள். ஃபிலிமைக் கைவிடாமல் இருந்தவர்களும் கைவிட்டார்கள். 1992-ல் இயற்றப்பட்ட மார்பகப் படத் தரச் சட்டம், யந்திரமும் படிப்பவரும் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. கண்ட இடத்தில் கண்டபடி எடுத்த படத்தை நம்பிப் பெண்கள் ஏமாறாதபடி அது காத்தது. எந்த வயதில் அந்தப் பரிசோதனை தொடங்க வேண்டும் என்பதைப் பற்றி நிபுணர் குழு 2009-ல் ஐம்பது என்று சொல்லிப் பெரிய கிளர்ச்சி உண்டாயிற்று. 2024-ல் அதே குழு நாற்பது என்று சொன்னது. இலவசமாகக் கொடுக்க வேண்டிய பரிசோதனை எது என்பதை அந்நாட்டுச் சட்டம் இத்தகைய சிபார்சோடு இணைத்திருப்பதால், ஒரு காகிதத்தில் ஓர் எண் மாறினால் லக்ஷக்கணக்கான பெண்களின் வாழ்க்கை மாறுகிறது.

வாசற்காவலன்

படம் பெருகுவதைத் தடுக்க மற்றொரு வழி, வாசலில் காவலன் வைப்பது. தனியார் கம்பெனிகள் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று விதித்தன. டாக்டர் சீட்டு எழுதினாலும், எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒரு காரியாலயம் "சரி" என்று சொன்ன பிறகுதான் படம். அதனால் வீண் படங்கள் சில குறைந்திருக்கலாம். ஆனால் முதுகுத் தண்டில் வலி தாங்காமல் துடிப்பவனுக்கு ஒவ்வொரு தினமும் ஒரு யுகம் என்பது அந்தக் காரியாலயத்துக்குத் தெரியாது.

மெடிகேர் இதைவிடச் சாத்வீகமான வழியை நாடியது. சீட்டு எழுதும் டாக்டர், எந்த நோய்க்கு எந்தப் படம் தகும் என்று சொல்லும் கம்ப்யூட்டர் வழிகாட்டியைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று 2014-ல் சட்டம் வந்தது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. நடைமுறையில் புகுத்த முடியாமல் வருஷா வருஷம் ஒத்தி வைத்து, கடைசியில் 2024 ஜனவரி முதல் விதிகளையே எடுத்துவிட்டார்கள். பத்து வருஷம் ஒத்திகை பார்த்து மேடை ஏறாத நாடகம் அது.

அங்கே நள்ளிரவு, இங்கே நடுப்பகல்

இரவு இரண்டு மணிக்கு நியூயார்க்கில் ஒருவர் மோட்டார் விபத்தில் அடிபட்டு வருகிறார். தலைக்கு சி.டி. எடுத்தாயிற்று. யார் படிப்பது? அங்கே இரவு இரண்டு மணி என்றால் பெங்களூரில் காலை பதினொன்றரை அல்லது பன்னிரண்டரை மணி. இந்தச் சூரியோதய வித்தியாசமே ஒரு தொழிலாயிற்று. ஐடஹோ ராஜ்யத்தில் 2001-ல் தோன்றிய நைட்ஹாக் என்ற கம்பெனி ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் டாக்டர்களை உட்கார வைத்து அமெரிக்காவின் இரவுப் படங்களைப் படித்தது. யேல் சர்வகலாசாலையில் பயிற்சி பெற்ற டாக்டர் அர்ஜுன் கல்யாண்பூர் 2002-ல் பெங்களூரில் தொடங்கிய ஸ்தாபனமும் அதே வேலையில் இறங்கியது.

இதிலும் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. நாட்டுக்கு வெளியே செய்த வேலைக்கு மெடிகேர் பணம் தராது. ஆகவே இரவில் வெளிநாட்டிலிருந்து போவது முதற்கட்ட அபிப்பிராயம். காலையில் அமெரிக்க மண்ணில் உள்ள டாக்டர் மறுபடி பார்த்து இறுதி அறிக்கை எழுதுவார். எந்த ராஜ்யத்து ஆஸ்பத்திரியோ அந்த ராஜ்யத்து அனுமதியும் வேண்டும். உலகம் சுருங்கிவிட்டது என்கிறார்கள். ஆனால் பில் எழுதும் இடத்தில் தேசத்தின் எல்லை சுருங்காமல் அப்படியே நிற்கிறது.

எதிர்பாராத பில்

படம் எங்கிருந்தும் படிக்கலாம் என்றானபோது, படிப்பவர்களின் கூட்டங்களை விலைக்கு வாங்கப் பெரிய முதலாளிகள் வந்தார்கள். அந்நாட்டில் ஒவ்வொரு இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்கும் ஒப்பந்த டாக்டர்கள் உண்டு. நோயாளி ஒப்பந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போவார். ஆனால் அங்கே இருட்டறையில் உட்கார்ந்து படம் படித்தவர் ஒப்பந்தத்தில் இல்லாதவராக இருப்பார். ஒரு மாதம் கழித்து, கண்ணால் காணாத டாக்டரிடமிருந்து பெரிய பில் வரும்! அவசரச் சிகிச்சை வைத்தியர், மயக்க மருந்து வைத்தியர், கதிர்ப்பட வைத்தியர் ஆகிய மூவருமே நோயாளி தேர்ந்தெடுக்க முடியாதவர்கள். எனவே இந்தத் தந்திரம் அங்கெல்லாம் பலித்தது.

2020 டிசம்பரில் கையெழுத்தாகி 2022 ஜனவரி முதல் அமுலுக்கு வந்த சட்டம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. நோயாளி ஒப்பந்தக் கட்டண முறைப்படி தம் பங்கைக் கொடுத்தால் போதும். மிச்சத்தை டாக்டரும் கம்பெனியும் மத்தியஸ்தரிடம் போய்த் தீர்த்துக் கொள்ள வேண்டியது. நோயாளிகளுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் மத்தியஸ்தக் கட்டணம் 2023-ல் சில காலம் தரப்புக்கு 350 டாலர் என்று இருந்தது. பத்து டாலர் படத்துக்கு 350 டாலர் கட்டி வழக்காட யார் போவார்கள்? இந்த நிலையில் கம்பெனி சொன்னதே விலை என்று சிறிய வைத்தியர் கூட்டங்கள் முறையிட்டன. 2018-ல் சுமார் 990 கோடி டாலருக்கு முதலீட்டு நிறுவனம் ஒன்று கைப்பற்றிய என்விஷன் என்ற மாபெரும் வைத்தியக் கம்பெனி 2023 மே மாதம் திவால் மனுப் போட்டது. நோயாளியை மிரட்டிப் பெற்ற வருமானத்தை நம்பிக் கட்டிய கோட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும் அஸ்திவாரம் மணல்தான்.

யந்திரம் படிக்குமா?

2016-ல் பேராசிரியர் ஜெஃப்ரி ஹின்டன், இனிமேல் கதிர்ப்பட வைத்தியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிடலாம், யந்திர அறிவே படத்தைப் படித்துவிடும் என்ற கருத்தைச் சொன்னார். ராண்ட்ஜன் பெற்ற அதே பௌதிக நோபல் பரிசு 2024-ல் அவருக்கும் கிடைத்தது. ஆனால் அவருடைய ஜோசியம் பலிக்கவில்லை. அமெரிக்காவில் இன்று வைத்தியர்கள் போதவில்லை என்பதுதான் புகார். அதற்கும் ஒரு பழைய சட்டம் துணை நிற்கிறது. பயிற்சி டாக்டர்களுக்காக மெடிகேர் பணம் கொடுக்கும் இடங்களை 1997-ல் ஒரு சட்டம் முந்திய வருஷத்து எண்ணிக்கையோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு கிழவர்கள் பெருகினார்கள், படங்கள் பெருகின. ஆயிரம் இடங்களைக் கூட்டிக் கொடுக்க 2020 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

யந்திர அறிவு மட்டும் கட்டணக் கதைக்கு விலக்கா? மூளையின் ரத்தக் குழாய் அடைப்பைக் கண்டு டாக்டரை எச்சரிக்கும் ஒரு கம்ப்யூட்டர் திட்டத்துக்கு 2020-ல் மெடிகேர் தனிக் கட்டணம் அனுமதித்த பிறகுதான் அந்தச் சந்தைக்கு உயிர் வந்தது. யந்திரம் எவ்வளவு புத்திசாலியானாலும், "எனக்கு யார் கொடுப்பார்கள்?" என்ற கேள்வியைத் தன் முதலாளி மூலம் கேட்கத்தான் செய்கிறது.

நம் வீட்டு விஷயம்

நம் நாட்டுக்குத் திரும்புவோம். இந்தத் துறையில் நாம் நேற்று விழித்தவர்கள் அல்லர். சென்னைப் பொது ஆஸ்பத்திரியைச் சேர்ந்த பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-லேயே திறக்கப்பட்டது. 1994-ல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. யந்திரங்களை வைத்துக் குறைந்த கட்டணத்தில் படம் எடுத்துக் கொடுத்து வருகிறது. சந்தைக்கு ஒரு மாற்று இருக்க முடியும் என்பதற்கு அது கண்கூடான அத்தாட்சி.

சந்தையின் விபரீதத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். வயிற்றுக் குழந்தை ஆணா பெண்ணா என்று ஸ்கானில் பார்த்துச் சொல்லும் பாவம் பரவியபோது 1994-ல் சட்டம் பிறந்தது. ஆறு வயது வரை உள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு 1991-ல் 945 பெண் என்று இருந்தது, 2001-ல் 927 ஆக இறங்கியிருந்தது. 2003-ல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. யந்திரம் ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும். கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் படிவம் எழுத வேண்டும். எழுத்துப் பிழைக்கும் குற்றவாளியாக்குகிறார்கள் என்று கதிர்ப்பட வைத்தியர்கள் 2016 செப்டம்பரில் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் புகாரில் நியாயம் உண்டு. ஆனால் பிறக்காமற்போன பெண் குழந்தைகள் வேலை நிறுத்தம் செய்ய முடியாது என்பதையும் நினைக்க வேண்டும்.

2009-ல் தமிழ்நாட்டிலும் 2018-ல் தேசம் முழுவதற்குமாகவும் சர்க்கார் இன்ஷியூரன்ஸ் திட்டங்கள் வந்துவிட்டன. தேசத் திட்டத்தில் நோய்க்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை. படச் செலவும் அதற்குள் அடக்கம். 1983-ல் அமெரிக்கா எடுத்து வைத்த அதே அடி! ஆஸ்பத்திரியில் படுக்காமல் வெளியே எடுக்கும் படத்துக்குப் பெரும்பாலும் சொந்தப் பையைத்தான் தடவ வேண்டும். அங்கே படுக்கையில் முந்திரி குறைந்து வாசலில் லாபம் பெருகியது போல் இங்கும் நடவாதபடி கண்காணிக்க வேண்டியது யார்? நோயாளியை அனுப்பியதற்காகத் தரகு வாங்கக் கூடாது என்று நம் வைத்திய ஒழுக்க விதிகள் 2002-லேயே சொல்லியிருக்கின்றன. விதியைப் படித்தவர்கள் பலர். பயந்தவர்கள் எத்தனை பேர் என்பது அவரவர் மனச்சாட்சிக்கே வெளிச்சம்.

சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம் செய்யட்டும். குடும்பஸ்தர்கள் செய்யக் கூடியதும் உண்டு. படம் எடுக்கச் சீட்டு வந்தால் மூன்று கேள்விகளைப் பணிவாக, ஆனால் தயங்காமல் கேட்கலாம். இந்தப் படத்தில் இது தெரிந்தால் சிகிச்சை எப்படி மாறும்? இதே படத்தை சர்க்கார் நிலையத்தில் எடுத்தால் தங்களுக்கு ஆட்சேபம் உண்டா? படத்தைப் படித்து அறிக்கையில் கையெழுத்திடுபவர் யார்? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். கோபித்தால், படம் எடுக்காமலே ஒரு நோயைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அர்த்தம். அந்த நோய் நம்மிடம் இல்லை!